கோழி அடையும் நேரம்

குறுந்தொகையில் ஒரு கோழி வருகின்றது. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 139ஆவது பாட்டு அது. வீட்டில் வளர்கின்ற கட்டைக்கால் பேடு ஒன்று. பொழுதுபடும் நேரத்தில் வேலியோரம் காட்டுப்பூனை வந்துவிட்டது. எங்கே நுழைவதென்று தெரியாத நிலையில் பேடு தன் குஞ்சுகளைச் சேர்த்துக்கொள்வதற்காகக் கத்துகின்றது. தலைவனைச் சுற்றி ஊரில் எழுகின்ற அம்பலைச் சொல்வதற்காக வந்த உவமைதான் இது. கோழியைப் பாடவேண்டும் என்பது புலவரின் நோக்கமாக இருந்திராது. ஆயினும் அந்தி நேரத்தில் கோழி படும் அந்தரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்த ஒருவரால்தான் அப்படி ஓர் உவமையைச் சொல்லியிருக்கமுடியும்.

தீனும் தண்ணீரும் தவிர, கோழி மனிதரிடம் கேட்பது இரண்டே இரண்டுதான். இரவில் இருப்பதற்கு உயரமான ஓரிடம். முட்டை இடுவதற்கு மறைவான ஓரிடம். எங்கள் பேச்சுமொழியில் பொழுதுபட்டால் கோழி கூட்டில் 'அடைகிறது'. முட்டைகளின் மேல் இருந்தால் 'அடை கிடக்கிறது'. வீட்டு முகட்டில் குடியிருக்கும் சிட்டுக்குருவிக்கு அடைக்கலங்குருவி என்று பெயர். இந்த நாடுகளின் பத்திரங்களில் 'அரசியல் தஞ்சம்' என்று நாம் எழுதிக் கொடுத்த பொருளுக்கும் பழைய தமிழ்ச்சொல் அடைக்கலம் என்பதே. எல்லாவற்றுக்கும் அடி ஒன்றுதான்.

ஒரு தடியும் ஒரு பெட்டியும் எப்படிக் கோழிக்குக் கிடைத்தன, எப்படிப் பறிபோயின, எப்படித் திரும்பி வந்தன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அது சிறிய விடயம்போலத் தெரியும். ஆனால் ஒரு நாட்டின் மக்கள் வாக்கெடுப்பும் இன்னொரு நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்பும் அதற்குள் இருக்கின்றன.

*

இன்றைய வீட்டுக்கோழியின் பிரதான மூதாதை செங்காட்டுக்கோழி. 2020இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு ஒன்று, தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியன்மார் ஆகிய பகுதிகளில் வாழ்கின்ற அதன் கிளையினம் ஒன்றைச் சுட்டிக்காட்டியது. 2022இல் வெளியான மற்றோர் ஆய்வு, மத்திய தாய்லாந்தின் பான் நொன் வாட் என்னும் அகழாய்விடத்தில் கிடைத்த எலும்புகளையே உறுதியாகச் சொல்லக்கூடிய மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகள் என்றது. அவற்றின் காலம் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டது. நெல்லும் சிறுதானியமும் விளையத் தொடங்கிய இடங்களுக்குக் காட்டுக்கோழி தானாகவே இரை தேடி வந்திருக்கவேண்டும் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. அப்படியானால் மனிதன் காட்டுக்குள் போய்க் கோழியைப் பிடித்து வந்தான் என்று நாம் படித்த கதையை மாற்றவேண்டியிருக்கின்றது. வயலோரம் வந்து நின்றது கோழி.

எங்கள் பக்கத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கோழியின் மஞ்சள் காலுக்கும் மஞ்சள் தோலுக்கும் காரணமான மரபணு செங்காட்டுக்கோழியினுடையதல்ல. தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலும் வாழ்கின்ற சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து கலந்தது என்று 2008இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். இலங்கையின் தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழி தனி இனம். வன்னிக் காட்டு வழியில் அதிகாலையில் நடந்தவர்களுக்கு அதன் குரல் தெரிந்திருக்கும்.

எந்தக் காட்டுக்கோழியானாலும் பழக்கம் ஒன்றுதான். பொழுதுபட்டதும் மரத்தில் ஏறிவிடும். நரியும் காட்டுப்பூனையும் நடமாடும் நிலத்தில் இரவைக் கழிக்காது. ஆனால் முட்டை இடும்போது அதற்கு நேர்மாறு. பேடு தன் கூட்டத்தை விட்டு விலகிச் சென்று, பற்றைக்கு அடியில் நிலத்தைக் கிளறி, சருகைச் சுற்றிவரப் போட்டு, யார் கண்ணிலும் படாமல் முட்டை இடும். தூங்குவதற்கு உயரம் வேண்டும். முட்டைக்கு ஒளிப்பிடம் வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றோடொன்று குழப்பினால் கோழி வளர்ப்பவர் படும் பாடு பெரும்பாடு.

மனிதரோடு மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும் கோழி இவற்றை மறக்கவில்லை. அவுஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் நோர்த் வெஸ்ற் ஐலண்ட் என்றொரு தீவு இருக்கின்றது. அங்கு வேலைக்கு வந்த மனிதர்கள் போய்விட, அவர்கள் கொண்டுவந்த கோழிகள் தீவிலே தனித்துப்போயின. மக்பிரைட் என்பவரும் அவருடைய சகாக்களும் அந்தக் கோழிகளைக் கவனித்து 1969இல் எழுதினார்கள். அவை இரவில் மரங்களில் அடைந்தன. பேடுகள் மறைவாகக் கூடு வைத்தன. ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள தீவொன்றில் வீட்டுக்கோழிகளைக் கொண்டுபோய் விட்டுப் பார்த்த டங்கன், சவோரி, வூட்-கஷ் ஆகியோரும் 1978இல் இதையொத்த கதையைத்தான் சொன்னார்கள். கூட்டையும் கதவையும் எடுத்துவிட்டால் கோழி தன் பழைய வழக்கத்துக்குப் போய்விடுகின்றது.

*

கோழிக்கு வீடு கட்டுவது எப்படி என்று விரிவாக எழுதி வைத்தவர்களுள் முந்தியவர் கொலுமெல்லா. இன்றைய ஸ்பெயின் நாட்டின் காடிஸ் நகரத்தில் பிறந்த உரோமர்; கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். விவசாயம் பற்றிய அவருடைய நூலின் எட்டாம் பாகத்தில் கோழிக்கூடு வருகின்றது. கூடு மாரிகாலத்துச் சூரியன் உதிக்கும் திசையைப் பார்த்திருக்கவேண்டும். குசினியோடு அல்லது அடுப்போடு ஒட்டியிருந்தால் புகை போய்க் கோழிகளுக்கு நல்லது. முட்டையிடும் கூடைகள் சுவர் வரிசையில் இருக்கவேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போகின்றார்.

தடியைப் பற்றி அவர் சொல்வதைத்தான் நான் வியந்து வாசித்தேன். தடியைச் சதுரமாகச் செதுக்கவேண்டுமாம். உருண்டையாகவும் வழுவழுப்பாகவும் இருந்தால் பாய்ந்து ஏறுகின்ற பறவைக்குப் பிடி கிடைக்காது என்பது காரணம். தடியில் ஏறி நிற்கும் கோழியின் விரல்களை ஒருவர் இருட்டுக்குள் குனிந்து பார்த்திருக்கின்றார். கொலுமெல்லாவே பார்த்தாரோ, அவருடைய பண்ணையில் கோழி மேய்த்த அடிமை பார்த்துச் சொன்னானோ, இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம். ஒரு ஆள் பார்க்கக்கூடியது 200 கோழிகள் என்ற கணக்கையும் அவர் தருகின்றார். எந்தப் பேடு முட்டை இட்டது என்பதை அந்த ஆள் கோழியின் குரலைக் கேட்டே அறிந்துகொள்ளவேண்டும்.

அந்தக் குரலுக்கு எங்களிடம் சொல் உண்டு. கோழி 'கேருது' என்போம். முட்டைக்கு வந்த பேடு கேரிக் கேரி வீட்டைச் சுற்றி வருவதும், கடகத்துக்குள் தலையை விட்டுப் பார்ப்பதும், திரும்பப் போவதும், கடைசியில் நெல்லுச் சாக்குக்குப் பின்னால் அமர்ந்துகொள்வதும் யாழ்ப்பாணத்து வீடுகளில் பலரும் கண்ட காட்சி. ஓலைக் கடகத்தில் வைக்கோல் போட்டு மூலையில் வைத்துவிடுவார்கள். முட்டைகளை எடுக்கும்போது ஒன்றை மட்டும் விட்டுவைப்பார்கள். இரவில் கூட்டுக்குள் அடைக்காத வீட்டில் கோழி முருங்கையிலோ மாமரத்திலோ ஏறிவிடும். இதற்கு யாரும் நூல் எழுதவில்லை. ஆனால் கொலுமெல்லா எழுதியதும் எங்கள் வீட்டுப் பெண்கள் செய்ததும் அடிப்படையில் ஒன்றே. கோழி எதைத் தேடுகின்றதோ அதை அது தேடும் இடத்துக்குப் பக்கத்திலே கொடுத்துவிட்டு, முட்டையை எடுத்துக்கொள்வது.

*

இந்த ஒப்பந்தம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாறத் தொடங்கியது. கோழி முட்டைப் பெட்டிக்குள் நுழைந்ததும் தானாகக் கதவு விழுகின்ற பெட்டி ஒன்று அமெரிக்காவில் பரவியது. பொறிக்கூடு என்று அதைச் சொல்லலாம். கோழியின் காலில் இலக்கமிட்ட வளையம். வேலையாள் நாளுக்குப் பலமுறை வந்து, கதவைத் திறந்து, இலக்கத்தைப் பார்த்து, கொப்பியில் எழுதிவிட்டுக் கோழியை வெளியே விடவேண்டும். எந்தப் பேடு எத்தனை முட்டை இட்டது என்று தனித்தனியாகக் கணக்கு வைப்பது இப்போது பெரிய அளவிலும் சாத்தியமாயிற்று.

மேய்ன் மாநில விவசாயப் பரிசோதனை நிலையத்தில் 1898இல் இந்தக் கணக்கெடுப்பைத் தொடங்கினார்கள். அதிகம் இட்ட பேடுகளைத் தெரிந்து அவற்றிலிருந்து குஞ்சு எடுத்துக்கொண்டு போனால் முட்டை கூடும் என்று எதிர்பார்த்தார்கள். ஆண்டுகள் கழிந்தும் கூடவில்லை. பின்னர் அந்தக் கொப்பிகளை ஆராய்ந்த றேமண்ட் பேர்ல், பேட்டின் சொந்தக் கணக்கு மட்டும் போதாது, அதன் சந்ததியைப் பார்க்கவேண்டும் என்றார். ஒறெகன் விவசாயக் கல்லூரியில் ஜேம்ஸ் டிறைடன் வளர்த்த 'லேடி மக்டஃப்' என்ற பேடு 1913இல் ஓராண்டுக்கு 303 முட்டை என்ற கணக்கை முடித்தபோது அது பத்திரிகைச் செய்தியாயிற்று. காட்டுக்கோழி ஓராண்டில் இடுவது பத்துப் பதினைந்து முட்டை. இன்று பண்ணைக் கோழி 300 இடுவது யாருக்கும் செய்தி இல்லை.

ஒளிப்பதற்காகக் கோழி தேடிய இடமே கணக்கெடுக்கும் இடமாயிற்று என்பதுதான் இங்கு கவனிக்கத்தக்கது. அடுத்த படி இன்னும் எளிது. கோழியைத் தனித்தனிக் கம்பிக் கூண்டில் போட்டுவிட்டால் கணக்கெடுக்கப் பெட்டியே தேவையில்லை. சரிவான கம்பித் தளத்தில் முட்டை உருண்டு முன்னால் வந்து நிற்கும். விற்றமின் டி கண்டுபிடிக்கப்பட்டு, மீன் எண்ணெயைத் தீனியில் கலக்கத் தொடங்கிய பின்னர் கோழிக்கு வெயிலும் அவசியமற்றதாயிற்று. 1930களில் அமெரிக்காவில் பரவிய இந்த முறை, இரண்டாம் உலகப்போரின் பின் இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் பெருகியது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கூண்டுகள். ஒவ்வொன்றிலும் மூன்று, நான்கு, ஐந்து பேடுகள். பற்றறிக் கூண்டு என்று அதற்குப் பெயர். கூடு என்பதும் கூண்டு என்பதும் தமிழில் காதுக்கு மிக அருகிலுள்ள சொற்கள். ஒன்றில் பறவை தானாகப் போய் அடையும். மற்றதில் அடைக்கப்படும்.

கூண்டில் தடி இல்லை. மறைவும் இல்லை. ஆனால் முட்டை வரும் நேரம் வரத்தான் செய்யும். அந்த நேரத்தில் கூண்டுக் கோழி முன்னும் பின்னுமாக நடக்கத் தொடங்கும். இடமற்ற இடத்தில் நடை. இது ஒருநாள் இரண்டு நாள் பழக்கமல்ல, முட்டை இடும் ஒவ்வொரு நாளும் நடப்பது என்று எடின்பரோவில் டேவிட் வூட்-கஷ் முதலானோர் எழுதினார்கள். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1990களில் இன்னொன்றைக் கவனித்தார்கள். விரும்பியது கிடைக்காமல் தடுக்கப்பட்ட பேடு ஒருவகை இழுத்த குரல் எழுப்புகின்றது. முட்டையிட இடம் கிடைக்காதபோதும் அதே குரல். 'ககெல்' என்று அதற்குப் பெயர். எங்கள் 'கேருதல்' இதற்கு மிகத் தூரமில்லை.

*

எதிர்ப்பு முதலில் ஒரு புத்தகமாக வந்தது. 1964இல் இங்கிலாந்தில் றுத் ஹரிசன் எழுதிய 'அனிமல் மெஷின்ஸ்' வெளியாயிற்று. அவர் விஞ்ஞானி அல்லர். ஆயினும் அந்தப் புத்தகத்தால் அரசு ஒரு குழுவை நியமிக்கவேண்டி வந்தது. பிராம்பெல் என்ற பேராசிரியர் தலைமையிலான அக்குழு 1965இல் அறிக்கை தந்தது. விலங்கு எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, தன்னைக் கோதிக்கொள்ள, கைகால் நீட்ட இடம் வேண்டும் என்றது. இவ்வளவு சிறிய ஐந்து விடயங்களை ஒரு அரசாங்கக் குழு எழுதிக் கேட்கவேண்டிய நிலைக்குக் காலம் வந்திருந்தது.

சட்டமாக மாற்றியவர்களில் முந்தியவர்கள் சுவிஸ் மக்கள். 1978 டிசெம்பர் 3ஆம் திகதி விலங்குப் பாதுகாப்புச் சட்டம் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. 80 வீதத்துக்கும் மேற்பட்டோர் ஆம் என்றனர். 1981இல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது கோழிப் பண்ணைகளுக்குப் பத்து ஆண்டுகள் தவணை கொடுக்கப்பட்டது. 1991 முடிவோடு பற்றறிக் கூண்டு அந்நாட்டில் இல்லாமற்போயிற்று. முட்டைக்கு மறைவான இடமும், இருக்கத் தடியும் கட்டாயமாயின. இடையிட்ட அந்தப் பத்தாண்டுகளில் சூரிச் உயர் தொழில்நுட்பக் கல்லூரியிலும் வேறிடங்களிலும் பல அடுக்குத் தடிகள் கொண்ட கொட்டகைகளை அமைத்து, கோழி எப்படி ஏறுகின்றது, எங்கே இடுகின்றது என்று பார்த்துப் பார்த்துத் திருத்தினார்கள். எம்மவரில் முதலாமவர்கள் அந்நாட்டில் வந்திறங்கியதும் இதே பத்தாண்டுக்குள்தான். நிலத்தடிச் சிவில் பாதுகாப்பு மண்டபங்களில் வரிசைக் கட்டிலில் படுத்தவர்களுக்கு, மேலே ஒரு நாடு கோழிக்கு எத்தனை சென்ரிமீற்றர் தடி என்று விவாதித்துக்கொண்டிருந்தது தெரிந்திருக்க நியாயமில்லை. இதை நான் கசப்போடு சொல்லவில்லை. கோழிக்குக் கொடுத்ததை எங்களிடமிருந்து எடுத்துக் கொடுக்கவில்லை.

யேர்மனியில் இது வேறு வழியாக நடந்தது. 1987ஆம் ஆண்டின் விதி ஒரு கோழிக்கு 450 சதுர சென்ரிமீற்றர் போதும் என்றிருந்தது. ஏ4 தாள் ஒன்று 624 சதுர சென்ரிமீற்றர். நோர்ட்றைன்-வெஸ்ற்பாலன் மாநில அரசு 1990இல் இதற்கெதிராக வழக்குப் பதிந்தது. ஒன்பது ஆண்டுகள் கழிந்து, 1999 யூலை 6ஆம் திகதி கார்ல்ஸ்றூவவிலுள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் பெரிய தத்துவம் எதையும் தேடிப் போகவில்லை. அளவைப் பார்த்தார்கள். ஓய்ந்திருக்கும் ஒரு பேட்டின் உடல் 47.6 சென்ரிமீற்றர் நீளம், 14.5 சென்ரிமீற்றர் அகலம். பெருக்கினால் ஏறத்தாழ 690. 450க்குள் அது எப்படி இடைஞ்சலின்றித் தூங்கும்? தீனித் தொட்டியில் ஒரு கோழிக்கு 10 சென்ரிமீற்றர் கொடுத்தால், 14.5 அகலமான கோழிகள் எப்படி ஒரே நேரத்தில் உண்ணும்? விதி செல்லாது என்றார்கள். வழக்கின் இழுவையைப் பற்றி எங்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. ஆனால் தூங்கும் ஓர் உயிரின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிப் பார்த்து ஒரு நாட்டின் உச்ச நீதிபதிகள் முடிவெடுத்தார்கள் என்பது நினைவில் வைத்திருக்கத்தக்கது.

அதே 1999இல் ஐரோப்பிய ஒன்றியமும் தன் கட்டளையை வெளியிட்டது. கூண்டில்லா முறையில் ஏழு கோழிக்கு ஒரு முட்டைப் பெட்டியாவது இருக்கவேண்டும். ஒரு கோழிக்கு 15 சென்ரிமீற்றர் தடி வேண்டும். பழைய வெறுங்கூண்டு 2012 சனவரி முதல் ஒன்றியம் முழுவதும் தடை. ஆனால் 'வசதி கூட்டிய' கூண்டுக்கு இடம் விட்டது. 750 சதுர சென்ரிமீற்றரும், ஒரு மூலையில் திரையிட்ட முட்டையிடமும், தாழ்வான தடியும் கொண்ட கூண்டு அது. தடி உண்டு, ஏறுவதற்கு உயரம் இல்லை. சட்டத்தின் எழுத்துக்கும் கோழியின் தேவைக்கும் இடையிலுள்ள தூரம் அந்தத் தடியின் உயரந்தான்.

உணவகக் குசினிகளில் வேலை செய்கின்ற எம்மவர்க்கு இதன் மீதி தெரியும். ஐரோப்பிய முட்டையின் ஓட்டில் முதலாவதாக ஓர் இலக்கம் அடித்திருக்கும். 0 என்றால் இயற்கைப் பண்ணை, 1 வெளியில் மேயவிட்டது, 2 கொட்டகைக்குள் திரிவது, 3 கூண்டு. ஆனால் குசினிக்குப் பெரிய பெட்டிகளில் வருகின்ற உடைத்த முட்டையில் ஓடு இல்லை. ஆதலால் இலக்கமும் இல்லை. சுவிஸ் தன் மண்ணில் கூண்டைத் தடுத்தபோதும் கூண்டு முட்டை வெளியிலிருந்து வருவதைத் தடுக்கவில்லை. இந்நாட்டில் அனுமதிக்கப்படாத முறை என்று எழுதி விற்கவேண்டும் என்று மட்டும் பின்னர் சொன்னது.

*

தடியும் பெட்டியும் சட்டத்தால் திரும்பி வந்தன. அப்போதுதான் யாரும் எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. சில கோழிகளுக்கு ஏறத் தெரியவில்லை.

எடின்பரோவில் அப்பிள்பியும் டங்கனும் சகாக்களும் 1988இல் எழுதிய கட்டுரை, தடியில்லாமல் வளர்ந்த பேடுகள் பின்னர் பெட்டியை விட்டு நிலத்தில் முட்டையிடுவது அதிகம் என்றது. சுவீடனில் ஸ்ரெஃபான் குன்னார்சனும் சகாக்களும் பண்ணைகளில் கணக்கெடுத்து 1999இல் இதை இன்னும் திட்டமாகச் சொன்னார்கள். நாலு வாரத்துக்குள் தடியைக் கண்ட குஞ்சுகள் வளர்ந்தபின் நிலத்தில் இடுவது குறைவு. ஒன்றையொன்று பின்புறத்தில் கொத்திக் கொல்வதும் குறைவு. அடுத்த ஆண்டு ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ஒரு பகுதிக் குஞ்சுகளுக்கு முதல் நாளிலிருந்தே தடி. மற்றப் பகுதிக்கு எட்டு வாரத்தின் பின்னரே. பதினாறு வாரத்தில் எல்லாவற்றையும் பசியோடு விட்டு, தீனியை உயரத்தில் வைத்தார்கள். 40 சென்ரிமீற்றர் உயரத்தில் வித்தியாசம் இல்லை. உயரம் கூடியபோது, பிந்தித் தடியைக் கண்ட பேடுகள் தீனியைப் போய்ச் சேர முடியாமல் பின்தங்கின. காலில் பலமில்லாததல்ல காரணம். மேலே ஓரிடம் உண்டு, அதற்கு வழி உண்டு என்று விளங்கிக்கொள்ளும் ஆற்றலே குறைந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

தாய்க்கோழியோடு வளரும் குஞ்சு ஒன்றிரண்டு வாரத்திலேயே கட்டை, கல், தாயின் முதுகு என்று கண்டதிலெல்லாம் தாவி ஏறிப் பழகுகின்றது. இரவில் தாய் மேலே ஏறிக் கூப்பிட, குஞ்சுகள் அந்தரப்பட்டு அந்தரப்பட்டு ஏறும். பொரிப்பு இயந்திரத்தில் பிறந்து மின்குமிழின் கீழ் வளரும் குஞ்சுக்கு அந்தக் கூப்பாடு கிடைப்பதில்லை.

இதை ஆய்வுக் கட்டுரையில் வாசிப்பதற்கு முன்பே நான் கண்டிருக்கின்றேன். 2011இல் வன்னியில் மீளக் குடியேறிய என் பெரியம்மாவுக்கு வாழ்வாதார உதவி என்று ஒரு நிறுவனம் பத்துப் பேட்டுக்குஞ்சுகள் கொடுத்தது. பொரிப்பகத்துக் குஞ்சுகள். காடுபற்றிய வளவு, தகரக் கொட்டில். பகலில் நன்றாக மேய்ந்தன. பொழுதுபட்டால் ஒரு மூலையில் போய் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்தன. முதற் கிழமையிலேயே இரண்டை மரநாய் கொண்டுபோயிற்று. "இதுகளுக்குத் தாய் இல்லை மோனை. ஏறச் சொல்லிக்குடுக்க ஆர் இருக்கினம்?" என்றா பெரியம்மா. பூவரசந் தடி இரண்டை முழங்கால் உயரத்தில் குறுக்கே கட்டினா. ஒவ்வொரு பொழுதும் இருட்டுக் கட்டியபின் கொட்டிலுக்குள் போய், ஒவ்வொன்றாகத் தூக்கித் தடியில் வைத்தா. வைக்க வைக்க இறங்கின. திரும்பத் திரும்ப வைத்தா. ஏழெட்டு நாளில் ஒன்று தானாக ஏறியது. அதைப் பார்த்து மற்றவை ஏறின. பிறகு தடியை உயர்த்திக் கட்டினா. அந்த ஆண்டில் அவவுடைய பிள்ளைகள் இருவரில் ஒருவர் பற்றியும் தகவல் இருக்கவில்லை. அதைப் பற்றி அவ அந்த நாட்களில் பேசியதில்லை. கோழிகளைப் பற்றிப் பேசினா.

*

இப்போது கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் எம்மவர் சிலர் பின்வளவில் நாலைந்து பேடுகள் வளர்க்கின்றனர். அநேகமாகப் பொரிப்பகத்துக் குஞ்சுகளே கிடைக்கும். இந்த நீண்ட வரலாற்றில் தேறி வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

தடி முதலில், பெட்டி பிறகு. குஞ்சு வந்த வாரத்திலேயே நிலத்துக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் தடி வைக்கவேண்டும். வளர வளர உயர்த்தவேண்டும். தடி நாலைந்து சென்ரிமீற்றர் அகலமாக, மேற்புறம் தட்டையாக, ஓரம் மழுங்கியிருப்பது நல்லது. கொலுமெல்லாவின் சதுரத்தடியிலிருந்து நாம் அதிக தூரம் வந்துவிடவில்லை. குளிர் நாடுகளில் இன்னொரு நன்மையும் உண்டு: தட்டையான தடியில் கோழி விரல்களைத் தன் இறகால் மூடிக்கொண்டு இருக்கும். ஒரு பேட்டுக்குச் சட்டம் 15 சென்ரிமீற்றர் சொல்கின்றது. வீட்டில் 20, 25 கொடுக்க யாரும் மறுக்கப்போவதில்லை. மிகவும் உயரத்தில் வைத்துவிட்டு ஏணியில்லாமல் விடக்கூடாது. கூண்டில்லாப் பண்ணைகளில் கோழிகளின் நெஞ்செலும்பு முறிவது பெரிய பிரச்சினையாக இருக்கின்றது. பாய்ந்து இறங்குவதும் விழுவதும் மோதுவதும் அதன் காரணங்களில் சில.

முட்டைப் பெட்டி தடியைவிடத் தாழ்வாக இருக்கவேண்டும். பெட்டி உயர்ந்திருந்தால் கோழி அதைத் தூங்கும் இடமாக்கி எச்சத்தால் நிரப்பிவிடும். பதினாறு, பதினேழு வாரம்வரை பெட்டியை மூடி வைத்திருந்து, முதல் முட்டைக்குக் கொஞ்சம் முன்னர் திறக்கலாம். பூ சிவந்து, ஆளைக் கண்டால் பதுங்கி நின்றால் காலம் கிட்டிவிட்டது. மூன்று நாலு பேட்டுக்கு ஒரு பெட்டி. பக்கத்துக்கு 30 சென்ரிமீற்றர். உள்ளே இருட்டாக, வைக்கோலோடு. ஒரு மரமுட்டையை உள்ளே வைத்தால், வேறு யாரோ இங்கு நம்பி இட்டிருக்கின்றார்கள் என்று புதியது நுழையும். எங்கள் வீடுகளில் ஒரு முட்டையை விட்டுவைத்ததன் காரணமும் அதுவே. ஏறாமல் நிலத்தில் குவியும் பேடுகளை இருட்டியபின் கையால் தூக்கித் தடியில் வைக்கவேண்டும். இதற்குச் சுருக்குவழி எதுவும் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

கடைசியாக ஒரு பரிசோதனை. 1989இல் ஹியூஸ், டங்கன், பிறவுண் என்ற மூவர், பேடுகளுக்கு ஏற்கனவே கட்டி முடிந்த கூட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை தாமே முன்னர் கட்டிய கூடு. இனிக் கட்டவேண்டிய தேவை இல்லை என்பதால் பேடு நேரே போய் இருந்து முட்டையை இடும் என்று நாம் நினைப்போம். அப்படி நடக்கவில்லை. முடிந்த கூட்டுக்குள் இருந்துகொண்டே அவை திரும்பவும் கட்டின. கிளறின, நெஞ்சால் வட்டம் அழுத்தின, வைக்கோலை அலகால் எடுத்துச் சுற்றிவரப் போட்டன. கட்டி முடிந்த கூடு இருந்தும், கட்டும் வேலையை அவை விடவில்லை.

ஆகவே புதிய பேடுகளுக்குப் பெட்டியைத் திறந்துவிடுகின்ற அன்று, வைக்கோலை வட்டமாக அழகுபடுத்தி வைக்கவேண்டியதில்லை. அள்ளிப் போட்டால் போதும். மீதியைப் பேடு பார்த்துக்கொள்ளும்.